உண்ட இரும்பு உடம்பில் சேருமா?



எங்கள் பிரசவ வார்டுக்கு இரத்தச் சோகையோடு வரும் தாய்மார்களைப் பற்றி இந்த ஏட்டில் வாசித்துவிட்டு, "பேரீச்சம்பழ டானிக் வாங்கி அனுப்பலாமா, சத்துமாவு டப்பாக்கள் அனுப்பலாமா?" என்று உங்களில் பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்புக்காக ஸ்தோத்திரம். "வேண்டாம்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதுவது முறையல்ல என்பதால், ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதை ஒரு பாடமாகவே எழுதுகிறோம். நாங்கள் வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்தவர்கள், வைத்தியக் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. எனினும் கட்டில் ஓரங்களில் உட்கார்ந்து ஜெபிக்கிற ஊழியத்தில், டாக்டர்களும் செவிலியர்களும் சொல்லிக்கொடுப்பதைக் காது கொடுத்துக் கேட்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

முதலில், எவ்வளவு பேருக்கு இந்தக் குறை என்று பார்ப்போம். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தச் சோகை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் 55 பேர். இடையில் எத்தனையோ லட்சம் மாத்திரைகள் கொடுக்கப்பட்டும் இரண்டு பேர்தான் குறைந்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராம் இருக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் அது ஆபத்தான சோகை. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை இரத்தம் போவதுண்டு. நல்ல இரத்தமுள்ள தாய் அதைத் தாங்கிக்கொள்கிறாள். 6 கிராமோடு வருகிறவளுக்கு அதே அரை லிட்டர் உயிருக்கே ஆபத்தாகிறது. ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்தோ மணமேல்குடி பக்கத்திலிருந்தோ இரவு நேரத்தில் அப்படி ஒருவர் வந்து சேர்ந்தால், அவருடைய இரத்த வகையைத் தேடி உறவினர்கள் ஓடுகிற ஓட்டம் எங்களுக்குத் தெரியும்.

இப்படி வரும் தாய்மார்களில் பலர், "மாத்திரை தவறாமல் சாப்பிட்டேன் ஐயா, கீரையும் சாப்பிட்டேன்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. சாப்பிட்டது வேறு, உடம்பில் சேர்ந்தது வேறு. இந்தப் பாடத்தின் பொருளே அதுதான்.

மடையும் மடைக்காரரும்

வளர்ந்த ஒரு மனிதனின் உடம்பில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். ஒரு சிறு ஆணியின் எடைதான். அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பு அணுக்களில் இருக்கிறது. உணவில் உள்ள இரும்பு, இரைப்பையைத் தாண்டியவுடன் வருகிற சிறுகுடலின் முதல் பகுதியில்தான் முக்கியமாக உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த இடத்தைக் கண்மாயின் மடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதி விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். கண்மாய் நிறையத் தண்ணீர் நின்றாலும், மடை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுதான் வயலுக்குப் பாயும்.

மடையைத் திறந்து மூடுகிறவர் கல்லீரலில் இருக்கிறார். 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்டுபிடிக்கப்பட்ட ஹெப்சிடின் என்ற பொருள்தான் அவர். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தாலோ, காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தாலோ கல்லீரல் ஹெப்சிடினை அதிகமாகச் சுரந்து மடையை அடைக்கிறது. இரும்பு குறைந்தால் மடை திறக்கிறது. ஒருநாள் மாத்திரை சாப்பிட்டால் மறுநாள் மடை சற்று அடைபட்டே இருக்கும் என்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கர்ப்பமில்லாத, இரும்புக் குறைவுள்ள இளம் பெண்களிடம் அவர்கள் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டவர்களுக்கு மாத்திரைக்கு மாத்திரை கூடுதல் இரும்பு சேர்ந்தது. இதை வாசிக்கும் கர்ப்பிணிகள் தாங்களாகவே நாள் விட்டு நாள் என்று மாற்றிக்கொள்ள வேண்டாம். தினம் ஒன்று என்று டாக்டர் சொன்னால் தினம் ஒன்றுதான்.

நம் சாப்பாட்டில் உள்ள இரும்பில் எவ்வளவு உள்ளே போகிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் உணவுத் தேவையைக் கணக்கிட்டபோது, பெண்களுக்கு 100க்கு 8 பங்கு என்றும் ஆண்களுக்கு 5 பங்கு என்றும் வைத்துக்கொண்டது. ஒரு பெண் நாள் முழுதும் சாப்பிட்ட உணவில் 15 மில்லிகிராம் இரும்பு இருந்தால், உள்ளே போவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ தாய்க்கும் பிள்ளைக்குமாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போக வேண்டியிருக்கிறது. சாப்பாட்டால் மட்டும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அதனால்தான் 1970இலேயே மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2018இல் வந்த புதிய திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை 180 நாட்களுக்குத் தரப்படுகிறது. ஒரு கைப்பிடிப் பேரீச்சம்பழத்தில் உள்ள இரும்பு இந்த ஒரு மாத்திரையில் மிகச் சிறு பங்கே. டானிக் பாட்டில்கள் வேண்டாம் என்று சொன்னதற்கு முதல் காரணம் இது.

டர்பன் தமிழர்கள் சொல்லித்தந்த பாடம்

மடையை அடைப்பது எது, திறப்பது எது என்பதை உலகத்துக்கு விளக்கிய ஆராய்ச்சிகளில் மிக முக்கியமான சில, நம் ஜனங்களை வைத்தே நடந்தவை. நம் சபைகளில் இது பலருக்குத் தெரியாது.

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. தமிழர், தெலுங்கர், பிறகு இந்தி பேசுகிறவர்கள் என்று அங்கே ஒரு பெரிய சமுதாயமே உருவாயிற்று. நூறு ஆண்டுகள் கழித்து, நிறவெறிச் சட்டத்தின்படி அவர்கள் ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த் என்ற குடியிருப்பில் ஒதுக்கப்பட்டார்கள். மொழி சிறிது சிறிதாக மறந்தாலும் சோறும் பருப்பும் மசாலாக் குழம்பும் மறக்கவில்லை. தேநீரும் மறக்கவில்லை. பெண்களின் இரத்தச் சோகையும் கூடவே இருந்தது.

ஜொகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பாத்வெல் குழுவினரும் டர்பனில் இருந்த டாக்டர் மேயெட்டும் சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார்கள். கதிரியக்கமுள்ள இரும்பை மிக மிகச் சிறிய அளவில் உணவில் கலந்து சாப்பிடக் கொடுப்பார்கள். இரண்டு வாரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால், சாப்பிட்ட இரும்பில் எத்தனை பங்கு சிவப்பு அணுவாக மாறியிருக்கிறது என்று கணக்குத் தெரிந்துவிடும். வயிற்றுக்குள் போனதை அல்ல, இரத்தத்தில் சேர்ந்ததையே அளக்கும் முறை இது.

1975இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தேநீரைப் பற்றியது. ரொட்டியைத் தண்ணீரோடு சாப்பிட்டால் 100இல் ஏறக்குறைய 10 பங்கு இரும்பு சேர்ந்தது. அதே ரொட்டியைத் தேநீரோடு சாப்பிட்டபோது 3 பங்குதான். தேயிலையின் துவர்ப்பில் உள்ள டானின் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு கரையவிடாமல் செய்கிறது. மடை வாசலில் செத்தையும் சேறும் அடைத்துக்கொள்வது போல. பால் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பால் சேர்த்தாலும் அந்தத் தடை நீங்குவதில்லை என்று பிந்திய ஆராய்ச்சிகள் கண்டன. காபியும் தடுக்கிறது, தேநீர் அளவுக்கு அல்ல. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் 2008இல் நம் நாட்டு இளம் பெண்களிடமே சோதித்து, சாப்பாட்டோடு குடிக்கும் ஒரே ஒரு குவளைத் தேநீர் இரும்பு சேருவதை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டினார்கள். வைட்டமின் சி சேர்த்தால் பல மடங்கு கூடுகிறது என்றும் அதே ஆய்வில் கண்டார்கள்.

மறுபடியும் பாத்வெல் குழுவினரிடம் வருவோம். 1983இல் அவர்கள் காய்கறிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பசலைக் கீரை, பீட்ரூட் கீரை, கத்தரிக்காய், பருப்பு வகைகள் ஆகியவற்றிலிருந்து இரும்பு மிகக் குறைவாகவே சேர்ந்தது. தக்காளி, முட்டைக்கோசு, காலிஃபிளவர், பூசணி, காரட் ஆகியவற்றிலிருந்து நன்றாகச் சேர்ந்தது. கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் கட்டுண்டு கிடக்கிறது. தானியங்களின் தவிட்டுப் பகுதியிலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் அப்படியே கட்டிவைக்கிறது. தோலோடு அரைத்த பல தானிய மாவைப் பாலில் காய்ச்சிக் குடிப்பது பசிக்கு நல்லது. சோகைக்கு மருந்தென்று விளம்பரம் சொல்வதை மட்டும் நாங்கள் ஏற்பதில்லை. டப்பாக்கள் வேண்டாம் என்றதன் இரண்டாம் காரணம் அது.

ஆனால் கீரையைக் கைவிட்டுவிடாதீர்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928இல் பம்பாய்க்கு வந்து, பிறகு குன்னூரிலும், 1931இல் சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று வழங்கும் மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். இரும்பு கொடுத்தும் தீராத ஒருவகைச் சோகை ஈஸ்ட் சாற்றினால் தீருவதைக் கண்டார். அதில் இருந்த சத்து 1941இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. சிவப்பு மாத்திரையில் இரும்போடு இருப்பது அதுதான். கீரை அந்த வகையில் நம்மைக் காக்கிறது.

டர்பன் கதையின் கடைசிப் பகுதிதான் எங்களுக்கு மிகப் பிடித்தது. காரணம் தெரிந்துகொண்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தேநீரை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆகவே எல்லா வீட்டு அடுப்பிலும் தினமும் விழுகிற மசாலாத் தூளிலேயே இரும்பைக் கலந்தார்கள். சாதாரண இரும்பு அல்ல. இ.டி.டி.ஏ. என்ற பொருளோடு பிணைத்து, ஃபைட்டேட்டும் டானினும் எளிதில் பிடிக்க முடியாதபடி மறைத்துவைத்த இரும்பு. சாட்ஸ்வொர்த்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களில் சிலருக்கு இந்த மசாலா, சிலருக்குச் சாதா மசாலா, யாருக்கு எது என்று தெரியாமல் இரண்டு வருஷம் கொடுத்தார்கள். 1989இல் முடிவு வெளியாயிற்று. இரும்பு மசாலா சாப்பிட்ட பெண்களிடம் இரும்புக் குறைவுச் சோகை 22 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருந்தது. குழம்பின் ருசியை மாற்றாமல், யாருக்கும் புத்திமதி சொல்லாமல் நடந்த காரியம் இது.

நம் நாட்டில் இதே வேலைக்கு உப்பைத் தேர்ந்துகொண்டார்கள். ஹைதராபாத்தின் தேசிய உணவூட்ட நிறுவனம் இரும்பு கலந்த உப்பை உருவாக்கியது. நமக்குத் தெற்கே, இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளங்கள் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பைத் தயாரித்தது. சத்துணவுக் கூடங்களிலும் அது பயன்பட்டது.

வெயிலும் எலும்பும்

சேருவது, சேராதது என்ற இதே கணக்கு சுண்ணாம்புச் சத்துக்கும் உண்டு. அதற்கு மடை திறப்பது வைட்டமின் டி. அது போதிய அளவு இருந்தால் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் 100க்கு 30 முதல் 40 பங்கு சேரும். இல்லாவிட்டால் 10 முதல் 15 தான். இந்த வைட்டமினை நம் தோலே வெயிலிலிருந்து செய்துகொள்கிறது. அப்படியானால் அறந்தாங்கி வெயிலில் யாருக்குக் குறையும் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு நின்ற 150 பெண்களில் பாதிப் பேருக்கு எலும்பு தேய்ந்திருந்தது. ஏறக்குறைய அதே அளவினருக்கு வைட்டமின் டி போதவில்லை. திருப்பதியில் நடந்த ஆராய்ச்சி, காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலில்தான் தோல் இந்தச் சத்தை நன்றாகச் செய்கிறது என்று கண்டது. இளவெயில் இதமாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். வயலில் நடவு நடுகிறவருக்கும் குறையலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிற வயதானவர்களையும், உடல் முழுவதும் மூடி வெளியே போகிறவர்களையும், நாள் முழுதும் கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ உட்கார்ந்திருப்பவர்களையும் முக்கியமாக விசாரிக்க வேண்டும்.

வைட்டமின் டி இரும்புக்கும் உதவுமா என்ற கேள்வி சமீப காலத்தில் எழுந்தது. அது ஹெப்சிடினைக் குறைக்கிறது என்று 2014இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆனால் வைட்டமின் டி கொடுத்து மனிதர்களின் சோகையைத் தீர்க்க முயன்ற சோதனைகள் ஒரே மாதிரியான பலனைத் தரவில்லை. ஆகையால், "வைட்டமின் டி ஊசி போட்டால் இரத்தம் ஊறும்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வார்டில் என்ன செய்கிறோம்

மாத்திரை கொடுப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். அதை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுக்க இருபது நிமிஷம் வேண்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு அந்த இருபது நிமிஷத்துக்கு, அதாவது ஒரு செவிலியர் உட்கார்ந்து பேசும் நேரத்துக்குச் செலவாகிறது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் டானிக் பாட்டிலைவிட அது மேலானது என்பது எங்கள் தீர்மானமான எண்ணம்.

வயல் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் எங்களிடம், "டீத்தண்ணி குடிக்காம களையெடுக்க முடியாதுங்க ஐயா. அதக் குடிக்கையிலதான் மாத்திரயையும் போட்டுக்குவேன், மறந்துபோகாம இருக்கும்ல" என்றார். ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தாலேயே அவர் மாத்திரையின் பலனை இழந்துகொண்டிருந்தார். "தேநீரை விடுங்கள் அம்மா" என்று நாங்கள் சொல்லவில்லை. பசியை அடக்கி வேலை செய்கிறவரிடம் அப்படிச் சொல்ல எங்களுக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. "சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும்போது போடுங்கள்" என்றோம். 2017இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், அந்த ஒரு மணி நேர இடைவெளியே தேநீரின் தடையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பு மாத்திரையும் சேர்ந்து விழுங்குவது இன்னொரு வழக்கம். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பும் இரும்பைத் தடுக்கும்.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்லி நிறுத்தியவர்களும் உண்டு. மலம் கறுப்பது சேராத இரும்பு வெளியேறுவதால்தான், பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாகச் சொல்கிறோம். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். மாத்திரை அட்டையைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்பதைத் தவறாமல் சொல்கிறோம். மிட்டாய் என்று எண்ணி ஒரு குழந்தை பத்துப் பன்னிரண்டு விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வெறுங்காலோடு வயலிலும் கொல்லையிலும் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு உண்டா என்று பார்த்துப் புழு மாத்திரையும் கொடுக்க வேண்டும். புழு குடலில் இரத்தம் குடித்துக்கொண்டிருக்கும்போது இரும்பு கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். மிகவும் தாமதமாக வரும் தாய்மார்களுக்கு டாக்டர்கள் இரும்பை நேராக நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அது மடையையே சுற்றிக்கொண்டு போகும் வழி. செலவும் கவனிப்பும் அதிகம் என்றாலும், எட்டாம் மாதத்தில் 6 கிராமோடு வருகிறவருக்கு மாத்திரையின் வேகம் போதாது.

பெண்கள் ஐக்கியக் கூடுகையில் இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். கீரைக் கூட்டிலோ பருப்பிலோ இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிவது, சோற்றோடு தக்காளி அல்லது ஒரு நெல்லிக்காய், பயறை முளைகட்டிச் சமைப்பது, இட்லி மாவைப் புளிக்கவைப்பது எல்லாமே கட்டுண்ட இரும்பை அவிழ்த்துவிடும். நம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் வரும் மலிவான மீன், கூட இருக்கும் சோற்றிலும் பருப்பிலும் உள்ள இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். இறைச்சிக் கடையில் ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் சோகைக்காரருக்கென்று கேட்டு வாங்கும் நம் பாட்டிமார்களின் பழக்கம் சரியானதே. பழைய சிவப்பு அணுக்கள் உடைந்து அவற்றின் இரும்பு தங்குமிடம் மண்ணீரல், அதாவது சுவரொட்டி. அந்த இரும்பைத் தேநீரும் அதிகம் தடுப்பதில்லை. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டு அளவோடு சாப்பிட வேண்டும். கூடுகை முடிந்ததும் தேநீரும் வடையும் கொடுப்பது நம் சபைகளின் வழக்கம். பருப்பு வடையிலுள்ள இரும்பு யாருக்காவது சேர வேண்டுமானால், அன்றைக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் பாருங்கள்.